கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்: விர்ச்சுவல் மெஷின் எப்படி வேலை செய்கிறது?

"தயவுசெய்து யாரும் ஆஃப் செய்ய வேண்டாம்."

அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலக அறை. மேசைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டர் மீது இப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டிய டேப் மஞ்சளாகி, ஓரம் உரிந்திருந்தது. சான்றிதழ்களின் உண்மைத்தன்மை சரிபார்ப்பு பற்றிக் கட்டுரை எழுதத்தான் அங்கே போயிருந்தேன். ஆனால் கண் அந்தத் தாளிலேயே நின்றுவிட்டது.

"ஏன் மேடம், ஆஃப் பண்ணா என்ன ஆகும்?"

"மறுபடி ஆன் ஆகுமான்னு யாருக்கும் தெரியாது தம்பி. அதான்."

உதவியாளர் மேடம் சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. 2003 முதல் 2013 வரை அந்தப் பள்ளியில் சேர்ந்த, விலகிய மாணவர்களின் விவரம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த சிறிய மென்பொருள். விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தன. காகிதப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் கூரை ஒழுகி, அவற்றில் சில நனைந்து, அட்டையும் பொருளடக்கமும் போய்விட்டன. எந்த மாணவர் எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லக்கூடியது இந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான்.

அன்று வெளியே பெஞ்சில் ஒரு இளைஞர் காத்திருந்தார். அரசு வேலை கிடைத்துச் சேர்ந்துவிட்டார். அவருடைய மாற்றுச் சான்றிதழ் உண்மையா என்று அலுவலகம் பள்ளிக்குக் கடிதம் போட்டிருக்கிறது. பதில் போகாததால் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை நிற்கிறது. "இது மூணாவது தடவை சார் வர்றேன்" என்றார்.

அடுத்த வாரம் மின்தடை. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே போயிருந்தது. மின்சாரம் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை. மெக்கானிக் திறந்து பார்த்து, "போர்டு போச்சு. இந்த மாடல் இப்ப கிடைக்காது. ஆனா ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கு" என்றாராம். அந்த ஹார்ட் டிஸ்க்கைப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் எக்ஸ்பி எழுந்திருக்காது. ஃபைல்களை மட்டும் எடுத்துப் புது விண்டோஸில் வைத்தால் மென்பொருள் ஓடாது. உள்ளே இருக்கும் தமிழ் வெறும் கோணல்மாணல் குறிகளாகத் தெரியும்.

மேடம் எனக்குப் போன் செய்தார். நான் கல்லூரி விடுதியில் கூட இருந்த, இப்போது சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கிற நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "டிஸ்க் படிக்குதுல்ல? அப்போ பெட்டி எதுக்கு? விர்ச்சுவல் மெஷின்ல ஏத்திடலாம்."

பெட்டி இல்லாமல் கம்ப்யூட்டரா? இதழியல் படித்த எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. அதன் பிறகு கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராஜாவை ஏமாற்றும் வித்தை

ஒரு கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது? கணக்குப் போடும் சிபியு, தற்காலிக நினைவகமான ரேம், நிரந்தரமாகச் சேமிக்கும் டிஸ்க், வெளியுலகோடு பேச நெட்வொர்க், கீபோர்டு, திரை. இவை எல்லாவற்றையும் ஆளுவது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். நாம் திறக்கிற பிரவுசர், டைப் செய்கிற மென்பொருள் எல்லாம் அதனிடம் மனு போட்டுத்தான் எதையும் பெற முடியும். "இந்த ஃபைலைத் திறந்து கொடு", "எனக்கு இன்னும் கொஞ்சம் ரேம் கொடு" என்று.

இதற்கு ஏற்ற மாதிரி சிபியுவிலேயே இரண்டு நிலைகள் உண்டு. சாதாரண நிலையில் கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் போன்ற கட்டளைகள் மட்டும் செல்லும். டிஸ்க்கைத் தொடுவது, ரேமைப் பங்கிடுவது, மெஷினை நிறுத்துவது போன்ற கட்டளைகள் சலுகை நிலையில் மட்டும்தான் செல்லும். இயங்குதளம் அந்தச் சலுகை நிலையில் உட்கார்ந்திருக்கும் ராஜா. தனக்கு மேலே யாரும் இல்லை என்பது அதன் நம்பிக்கை. அது எழுதப்பட்டிருப்பதே அந்த நம்பிக்கையில்தான்.

விர்ச்சுவல் மெஷின் என்பது இந்த நம்பிக்கையைக் கெடுக்காமல், ராஜாவை அரண்மனை மாதிரி தோன்றுகிற ஒரு வாடகை வீட்டில் உட்கார வைப்பது. அப்படி உட்கார வைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். தமிழில் விர்ச்சுவல் மெஷினை மெய்நிகர் இயந்திரம் என்கிறோம். நல்ல சொல்தான், மெய் இல்லை, மெய்க்கு நிகர்.

ஒண்டுக்குடித்தனம் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே மெயின் மீட்டர். ஆனால் நான்கு குடும்பங்கள், நான்கு பூட்டு. யாருக்கு எந்த நேரம் தண்ணீர், யாருக்கு எவ்வளவு கரண்ட் என்று முடிவு செய்பவர் வீட்டுக்காரர். ஹைப்பர்வைசர்தான் அந்த வீட்டுக்காரர். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் ஒரு குடித்தனம். ஒரே ஒரு வித்தியாசம். ஒண்டுக்குடித்தனத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் நமக்குக் கேட்கும். இங்கே ஒவ்வொரு குடித்தனக்காரரும் இந்தத் தெருவிலேயே தன் வீடு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

சரி, எப்படி ஏமாற்றுகிறது? முதலில் சிபியு. உள்ளே ஓடும் இயங்குதளம் (இதை விருந்தாளி என்று சொல்வது வழக்கம்) கொடுக்கிற சாதாரணக் கட்டளைகளை ஹைப்பர்வைசர் தடுப்பதே இல்லை. அவை நேராக நிஜ சிபியுவில் ஓடும். அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. விருந்தாளி ஒரு சலுகைக் கட்டளையைக் கொடுக்கும்போது மட்டும் சிபியு அதை நிறுத்தி, ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். ஹைப்பர்வைசர் என்ன கேட்டார்கள் என்று பார்த்து, அதற்கு ஈடாக ஒன்றைச் செய்து, "ஆயிற்று" என்று சொல்லித் திருப்பி அனுப்பும். விருந்தாளிக்கு எதுவும் தெரியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வேலை எதுவும் இல்லாதபோது இயங்குதளம் சிபியுவுக்கு "அடுத்த அழைப்பு வரும்வரை சும்மா இரு" என்று ஒரு கட்டளை கொடுக்கும். தனியாக ஓடும் கம்ப்யூட்டரில் அந்த நேரம் வீண்தான். விர்ச்சுவல் மெஷினில் அந்தக் கட்டளை ஹைப்பர்வைசரிடம் வரும். அது உடனே அந்த சிபியுவைப் பக்கத்துக் குடித்தனத்துக்குக் கொடுத்துவிடும். ஒருவர் தூங்கும் நேரம் இன்னொருவருக்கு வேலை நேரம் ஆகிறது. ஒரே சர்வரில் பல சர்வர்களைக் குடிவைப்பது கட்டுப்படியாவதற்கு இதுவும் பெரிய காரணம்.

அடுத்தது ரேம். ஒவ்வொரு இயங்குதளமும் ரேமின் முகவரி பூஜ்யத்தில் தொடங்கித் தனக்கே சொந்தம் என்று எதிர்பார்க்கும். மூன்று பேருக்கும் கதவு எண் ஒன்றுதான் வேண்டும் என்றால் எப்படி? ஹைப்பர்வைசர் ஓர் அட்டவணை வைத்திருக்கும். முதல் விருந்தாளி சொல்லும் 'ஒன்று' என்பது நிஜத்தில் ஆயிரத்து ஒன்று, இரண்டாவது விருந்தாளியின் 'ஒன்று' ஐயாயிரத்து ஒன்று என்று. ஒவ்வொரு முறை ரேமைத் தொடும்போதும் இந்த மாற்றம் நடக்க வேண்டும். இதை மென்பொருளில் செய்தால் மெதுவாகும் என்பதால் இன்றைய சிபியுக்களில் இந்த இரண்டாம் அட்டவணையைப் பார்க்கும் வசதி வன்பொருளிலேயே இருக்கிறது.

டிஸ்க்தான் இருப்பதிலேயே எளிது. விருந்தாளி முழு ஹார்ட் டிஸ்க் என்று நினைப்பது, வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய ஃபைல். அவ்வளவுதான். நண்பன் "பெட்டி எதுக்கு?" என்று கேட்டதன் பொருள் இதுதான். கம்ப்யூட்டர் முழுவதும் ஒரு ஃபைலாகிவிட்டால், அதை நகல் எடுக்கலாம், பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம், வேறு ஊரில் திறக்கலாம். நெட்வொர்க் கார்டு, சவுண்டு கார்டு, ஏன் பழைய ஃபிளாப்பி டிரைவ் கூட, இப்படி மென்பொருளால் நடிக்கப்படுபவைதான்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஜாவா படித்தவர்கள் ஜாவா விர்ச்சுவல் மெஷின் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு. அது ஜாவாவில் எழுதிய நிரல்களை ஓட்டுகிற ஒரு மேடை. முழுக் கம்ப்யூட்டர் மாதிரி நடிப்பதில்லை.

ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய கதை

கிளவுட் வந்த பிறகுதான் இதெல்லாம் வந்தது என்று நான் நினைத்திருந்தேன். தவறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் அறிவியல் மையத்தில், 1960களின் நடுவில் இந்த வேலை தொடங்கியது. அப்போது கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைக்கும். விலை சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாதது. ஒரே மெஷினைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தியாக வேண்டும். ஆளுக்கொரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பதுபோலக் காட்டிவிட்டால் என்ன என்பதுதான் அங்கிருந்தவர்களின் யோசனை. சிபி-40 என்ற அந்த அமைப்பு 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வாரிசான விஎம்/370ஐ 1972இல் ஐபிஎம் விற்பனைப் பொருளாகவே அறிவித்தது.

1974இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு சிபியு விர்ச்சுவல் மெஷினுக்கு ஏற்றதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் நிஜ மெஷினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும். வளங்களின் பிடி ஹைப்பர்வைசரிடமே இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடு இல்லாமல் நேராக ஓட வேண்டும். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இதுதான்.

பிறகு மேசைக் கம்ப்யூட்டர் காலம் வந்தது. விலை இறங்கியது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு தனி சர்வர் வாங்கி வைத்தார்கள். விர்ச்சுவல் மெஷின் பெரிய ஐபிஎம் மெஷின்களோடு ஒதுங்கிவிட்டது. திரும்பக் கொண்டுவரலாம் என்றால் அதிலும் சிக்கல். நம் மேசையில் இருக்கும் இன்டெல் வகை சிபியுக்கள் அந்த இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை. பென்டியம் சிபியுவை ஆராய்ந்தவர்கள் 17 கட்டளைகளில் கோளாறு இருப்பதாக 2000இல் எழுதினார்கள். என்ன கோளாறு? சலுகை இல்லாத நிலையில் அந்தக் கட்டளைகளைக் கொடுத்தால், சிபியு அவற்றை நிறுத்தி மேலிடத்துக்குத் தெரிவிக்காது. சில சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். சில வேறு பதிலைக் கொடுக்கும். மனு கொடுத்தாச்சு, வேலையும் நடக்கல, மனு தள்ளுபடின்னு தகவலும் வரல என்கிற நிலைமை. எந்த அலுவலகத்திலும் இதுதான் மோசமானது இல்லையா?

1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. விருந்தாளி இயங்குதளத்தின் கட்டளைகளை ஓடுவதற்குச் சற்று முன்பே படித்து, சிக்கலான கட்டளைகள் வந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பான வேறு கட்டளைகளைப் போட்டு மாற்றிவிடுவது. 1999இல் வந்த அவர்களின் மென்பொருளால் சாதாரண மேசைக் கம்ப்யூட்டரிலேயே லினக்ஸுக்குள் விண்டோஸ், விண்டோஸுக்குள் லினக்ஸ் என்று ஓட்ட முடிந்தது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் சிபியுவிலேயே விர்ச்சுவல் மெஷினுக்கான வசதியைச் சேர்த்து அடிப்படைக் கோளாறையே சரிசெய்தன. 2007இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இன்று கிளவுட் என்று சொல்லி வாடகைக்கு விடப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த வித்தைதான்.

"சர்வர் டவுன்" என்று கேட்கும்போது

இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த இரண்டு சொல் நன்றாகவே தெரியும். விர்ச்சுவல் மெஷினுக்கும் நமக்கும் உள்ள உறவு இங்கேதான் இருக்கிறது.

சென்னை பெருங்குடியில் எல்காட் நிறுவனம் நடத்தும் மாநிலத் தரவு மையம் இருக்கிறது. ஒன்றிய அரசின் மேகராஜ் திட்டத்தின் கீழ் தேசிய தகவலியல் மையம் 2014இல் அரசுத் துறைகளுக்கான கிளவுட் சேவையைத் தொடங்கியது. இம்மாதிரி மையங்கள் வந்ததற்கு முன்பு ஒரு துறைக்குப் புதிதாக ஓர் இணையச் சேவை வேண்டுமென்றால் சர்வருக்கு டெண்டர் விட வேண்டும், வாங்க வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும், ஆள் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். கிளவுட்டில், ஏற்கெனவே இருக்கும் பெரிய சர்வர்களில் இருந்து இத்தனை சிபியு, இத்தனை ரேம், இவ்வளவு டிஸ்க் என்று ஒரு விர்ச்சுவல் மெஷினை ஒதுக்கித் தந்துவிடலாம். அனுமதிக் கடிதத்துக்கு ஆகும் நேரத்தைவிட அதை உருவாக்க ஆகும் நேரம் குறைவு.

பிளஸ் டூ தேர்வு முடிவு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுவதும் அமைதியாக இருக்கும் ஒரு தளம். முடிவு வெளியாகும் காலையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், அவர்கள் அப்பா அம்மா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் ஒரே நேரத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக சர்வர்களை விலைக்கு வாங்கி வைத்தால் மீதி நாள் தூசிதான் படியும். தயாராக வைத்த ஒரு விர்ச்சுவல் மெஷினை முதல் நாள் இரவே பல நகல்களாக ஓடவிட்டு, கூட்டத்தை அவற்றுக்குப் பிரித்தனுப்பி, மாலையில் நிறுத்திவிடுவது மலிவு. நிறுத்திய வளம் அடுத்த துறைக்குப் போகும்.

இன்னொரு வசதி, ஓடிக்கொண்டிருக்கும்போதே வீடு மாற்றுவது. ஒரு சர்வரில் பழுது தெரிகிறது. அதில் ஓடும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமலேயே வேறு சர்வருக்குக் கொண்டுபோக முடியும். எப்படி? முதலில் ரேமில் இருப்பதையெல்லாம் புது இடத்துக்கு நகல் எடுக்கிறார்கள். அதற்குள் பழைய இடத்தில் சில பக்கங்கள் மாறியிருக்கும். மாறியவற்றை மட்டும் மறுபடி நகல் எடுக்கிறார்கள். மறுபடி கொஞ்சம் மாறியிருக்கும். இப்படியே குறைந்துகொண்டு வந்து, மிச்சம் மிகச் சிறியதாகும்போது ஒரு கணம் நிறுத்தி, கடைசிப் பக்கங்களை மாற்றி, புது இடத்தில் ஓடவிடுவார்கள். 2005இல் இதை விளக்கிய ஓர் ஆய்வில் இடைநிறுத்தம் 60 மில்லிவினாடி அளவுக்குக் குறைந்தது. ஒரு முறை கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. நீங்கள் வருமானச் சான்றுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அடியில் இருக்கும் சர்வரே மாறியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அப்படியானால் ஏன் இன்னும் "சர்வர் டவுன்"? நியாயமான கேள்வி. விர்ச்சுவல் மெஷின் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. பத்து சர்வர் முன்னால் நின்றாலும் எல்லாரும் கடைசியில் ஒரே தரவுத்தளத்திடம்தான் கேட்கிறார்கள் என்றால் வரிசை அங்கே நீளும். ஓடிபி அனுப்பும் இணைப்பு தாமதித்தால் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். மையத்தின் சொந்த இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் வெளியே ஒலிப்பது அதே இரண்டு சொல்தான். போதாததற்கு ஒரு வீட்டில் நான்கு குடித்தனம் இருந்தால், கூரை விழும்போது நான்கு பேருக்கும் விழும். அதனால்தான் ஒரே சேவையின் நகல்களை ஒரே சர்வரில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும் என்பார்கள். அதைச் செய்யாத இடத்தில் கிளவுட் என்ற பெயர் மட்டும் ஒன்றும் காப்பாற்றாது.

பாதுகாப்பும் அப்படியே. குடித்தனங்களுக்கு இடையிலான சுவரில் எப்போதாவது விரிசல் கண்டுபிடிக்கப்படும். 2015இல் வெளிவந்த வெனம் என்ற ஓட்டை பெயர்பெற்றது. கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? யாருமே பயன்படுத்தாத, மென்பொருளால் நடிக்கப்பட்ட ஃபிளாப்பி டிரைவில். அதன் வழியாக விருந்தாளிக்குள் இருப்பவர் வீட்டுக்காரர் அறைக்கே போக வாய்ப்பு இருந்தது. அந்தக் கோளாறு 2004இல் இருந்தே அங்கே இருந்திருக்கிறது. பூட்டிய அறையை யாரும் எட்டிப் பார்க்காததால் வந்த வினை. ஹைப்பர்வைசருக்கு வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது என்று சர்வர் பராமரிப்பவர்கள் புலம்புவது இதனால்தான்.

நீங்களே செய்து பார்க்கலாம்

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். உள்ளே ஓட்டிப் பார்க்க ஓர் இயங்குதளம் வேண்டும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை எடுத்துக்கொள்ளலாம், தமிழ் வசதியும் உண்டு. லினக்ஸ் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் இருக்கிற விண்டோஸ் கெட்டுவிடுமோ என்று பயப்படும் மாணவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. உள்ளே என்ன குளறுபடி செய்தாலும் கெடுவது ஒரு ஃபைல். அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கலாம்.

முதலில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் அமைப்பில் போய் மாற்ற வேண்டும். புதியவர்கள் அதிகம் திணறுவது இந்த ஒரு இடத்தில்தான். பிறகு புது மெஷின் உருவாக்கும்போது ரேம் 2 முதல் 4 ஜிபி கொடுங்கள். இருக்கும் 8 ஜிபியையும் விருந்தாளிக்கே தூக்கிக் கொடுத்தால் வீட்டுக்காரர் பட்டினி கிடந்து, இரண்டு பேருமே நகர மாட்டார்கள். நான் செய்த தவறு அது.

ஸ்னாப்ஷாட் என்ற வசதியைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். இந்த நிமிடத்தில் மெஷின் எப்படி இருக்கிறதோ அப்படியே உறைய வைத்துக்கொள்வது. புது மென்பொருளைப் போட்டுப் பார்த்து, சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டை நம்பி பேக்கப் எடுக்காமல் விடக் கூடாது. இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன; டிஸ்க் போனால் இரண்டும் போகும். இன்னொன்று, விண்டோஸை விருந்தாளியாக ஓட்டினாலும் அதற்கு முறையான உரிமம் வேண்டும். மெய்நிகர் என்பதால் உரிமமும் மெய்நிகர் ஆகிவிடாது.

மறுபடி அந்தப் பள்ளிக்கு

நண்பன் ஒரு சனிக்கிழமை வந்தான். செத்த கம்ப்யூட்டரில் இருந்து 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டினான். எழுதாமல் படிக்க மட்டும் செய்து, முழு டிஸ்க்கையும் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை ஒரு ஃபைலாக நகல் எடுத்தான். ஃபைல்களை மட்டும் நகல் எடுத்தால் போதாது. இயங்குதளம் எழுந்திருக்கத் தேவையான டிஸ்க்கின் முதல் பகுதியும் சேர்ந்து வர வேண்டும். இதற்கே மதியம் ஆகிவிட்டது. மேடம் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்.

அந்த ஃபைலை விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, 512 எம்பி ரேம் கொடுத்து ஆன் செய்தான். எக்ஸ்பி லோகோ வந்தது. மேடம் கைதட்டப் போனார். உடனே நீலத்திரை.

"இது எதிர்பார்த்ததுதான்" என்றான் நண்பன். விர்ச்சுவல்பாக்ஸ் டிஸ்க்கைச் சாட்டா வகை என்று காட்டியிருக்கிறது. எக்ஸ்பி பழைய ஐடிஇ வகை டிஸ்க்கில் வளர்ந்தது. சாட்டாவோடு பேசுவதற்கான டிரைவர் அதனிடம் இல்லை. தன் டிஸ்க்கையே காணோம் என்று பதறி நின்றுவிட்டது. நிஜக் கம்ப்யூட்டராக இருந்தால் கடை கடையாகப் பழைய போர்டு தேட வேண்டும். இங்கே அமைப்பில் ஒரு இடத்தில் சாட்டாவை ஐடிஇ என்று மாற்றினால் போதும். மாற்றினான். நெட்வொர்க் கார்டைக் கழற்றியும் விட்டான், அதாவது டிக் குறியை எடுத்துவிட்டான். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அப்படி ஒரு மெஷினை இணையத்தில் விடுவது கதவைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

மறுபடி ஆன் செய்தான். பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. கீழே இடது மூலையில் அந்தப் பள்ளியின் பெயரில் ஒரு ஐகான். மேடம் தானே மவுஸை வாங்கி இரண்டு முறை தட்டினார். பழைய எழுத்துருவில் தமிழ் தெளிவாக வந்தது. "புது மெஷின் வந்தால் ஓடாது, இதை ஆஃப் பண்ணாதே"ன்னு சொல்லிட்டுப் போன பழைய உதவியாளர் ரிட்டயர் ஆகி வருஷம் ஆச்சு என்றார்.

இளைஞரின் பெயரைத் தேடினார். பதிவேடு எண்ணும் பக்க எண்ணும் வந்தன. அச்சடிக்க முடியவில்லை, பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் இணைப்பு நண்பனின் லேப்டாப்பில் இல்லை. மேடம் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பீரோவைத் திறந்தார். நனைந்த பதிவேடுகளில் ஒன்றுதான். ஆனால் ஈரம் முன்பக்கங்களைத்தான் தின்றிருந்தது. அந்தப் பக்கம் உலர்ந்து, மை கலையாமல் இருந்தது. திங்கட்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்தோடு பதில் போய்விட்டதாக மேடம் சொன்னார்.

அந்த ஃபைலின் நகல் இப்போது பள்ளியின் புதுக் கம்ப்யூட்டரிலும், தலைமையாசிரியர் அறையில் பூட்டிய அலமாரியில் இருக்கும் ஒரு வெளிப்புற டிஸ்க்கிலும் இருக்கிறது. பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் பாக்கி. விடுமுறையில் செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதன் மேல் ஒட்டியிருந்த தாளை மட்டும் யாரும் கிழிக்கவில்லை.